புத்தகங்களைக் கொண்டுவருகிறவர் யார்?

தியானப் பகுதிகள்: 2 தீமோத்தேயு 4:9-13, எஸ்றா 6:1-5



தம் ஓட்டம் முடிவுக்கு வந்துவிட்டது என்று அறிந்த ஒரு முதியவர், சிறையிலிருந்து தம் இளம் நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்நிலையில் ஒருவர் என்ன கேட்பார்? விடுதலைக்கு முயற்சி செய்யச் சொல்லலாம். பரிந்து பேசக்கூடிய பெரியவர்களைத் தேடச் சொல்லலாம். பவுல் அப்போஸ்தலன் தம்மிடம் கொண்டுவரச் சொன்னவை மூன்று. குளிருக்கு ஒரு மேலங்கி, சில புத்தகங்கள், முக்கியமாகத் தோற்சுருள்கள்.

இந்த வசனத்தை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். உபதேசம் நிறைந்த நிருபத்தின் இறுதியில் வரும் வீட்டுச் செய்தியைப் போல அது தோன்றுகிறது. ஆனால் சற்றே நின்று பாருங்கள். பவுல் வாசித்து முடித்தவர், எழுதியும் முடித்தவர். இனி வாசித்து எந்த மேடையிலும் பேசப்போவதில்லை. எனினும் புத்தகங்களைக் கேட்கிறார். புத்தகத்தின்மேல் கொள்ளும் அன்பு வீண் ஆசை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அதே வசனத்தில் இன்னொருவர் ஒதுங்கி நிற்கிறார். துரோவா பட்டணத்துக் கார்ப்பு. பவுல் விட்டுச்சென்ற மேலங்கி அவரிடத்தில் இருந்தது. அவர் என்ன பிரசங்கித்தார், எந்தச் சபையை நடத்தினார் என்று வேதம் ஒன்றும் கூறவில்லை. அவருடைய பெயர் வேறெந்த இடத்திலும் வருவதுமில்லை. பிறர் பொருளைப் பத்திரமாய் வைத்திருந்தார். கேட்டபோது அது இருந்த இடத்தில் இருந்தது. அவரிடத்திலிருந்து பெற்றுச் சுமந்து செல்லவேண்டியவர் தீமோத்தேயு. புத்தகம் ஒன்று, அதற்காக ஏங்கும் வாசகர் ஒருவர், இரண்டுக்கும் நடுவே காத்துவைப்பவரும் கொண்டுசேர்ப்பவரும். நூலகப் பணி என்று நாம் இன்று அழைப்பதன் இலக்கணம் முழுவதும் இவ்வளவில் அடங்கிவிடுகிறது.

இதை இவ்வாரம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சபையைச் சேர்ந்த இளம் சகோதரி ஒருவர் சில மாதங்களுக்கு முன் நற்சான்றுக் கடிதம் கேட்டு என்னிடம் வந்தார். பள்ளி ஒன்றில் நூலக உதவியாளர் வேலைக்கு அவர் விண்ணப்பிக்கவிருந்தார். அவருடைய அனுமதியோடு, பெயரையும் ஊரையும் தவிர்த்து, நடந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அவருடைய தாயார் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். அந்த வாழ்க்கை உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. விடியுமுன் பாத்தியில் இறங்கவேண்டும். வெயில் ஏறுமுன் வாரி முடிக்கவேண்டும். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் உப்பு அதைத் தேடிப் போய் எரிக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். கூலியும் அதோடு நின்றுவிடும். அந்த மாதங்களில் தாயார் ஆரோவில் பக்கம் தோட்ட வேலைக்கு வருவார். அப்படி வேலை செய்த ஒரு வீட்டார், தங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டபடியால் தேவைப்படாத படப் புத்தகங்களைப் பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். எழுத்தறியாத தாய் சுமந்துவந்த அந்தப் பையில்தான் மகளின் வாசிப்புத் தொடங்கியது.

அதன்பின் பள்ளி நூலகம், ஊர்ப்புற நூலகம், கல்லூரியில் படித்தபோது புதுச்சேரியின் ரோமன் ரோலண்டு நூலகம். 1827இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட அந்த நூலகத்தில், கடைசிப் பேருந்தைத் தவறவிடாத நேரம்வரை அமர்ந்து வாசித்ததை அவர் இன்றும் மகிழ்ச்சியோடு கூறுவார். தமிழில் பட்டம் பெற்று, அஞ்சல் வழியில் நூலக அறிவியலும் பயின்று முடித்தார். வீட்டில் அவருக்குப் பொறுப்புகள் உண்டு. தம்பி படித்துக்கொண்டிருக்கிறான். புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தால், நூலக வேலையில் கிடைப்பதைவிடக் கூடுதலான மாதச் சம்பளம் உறுதி என்று உறவினர் வற்புறுத்தினர். அவர்கள் சொல்வதில் தவறும் இல்லை. உப்பளத்துக் குடும்பத்திற்கு உறுதியான சம்பளம் எத்தகைய ஆறுதல் என்பதை வெளியிலிருந்து எவரும் எளிதாகப் பேசிவிடலாகாது.

அவர் எழுதி வந்திருந்த விண்ணப்பத்தை வாசித்தேன். நல்ல தமிழ். சிறுவயது முதல் புத்தகங்களே தமக்குத் துணை என்றும், புத்தகங்களின் நடுவில் வாழ்வதே தம் கனவு என்றும், அச்சு மையின் மணமே தமக்கு நிறைவு தருகிறது என்றும் எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியும் உண்மை என்பது எனக்குத் தெரியும்.

"மகளே, இதில் நீ இருக்கிறாய், புத்தகங்களும் இருக்கின்றன. அந்த நூலகத்திற்கு வரப்போகிற பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "ஐயா, யோசித்து மறுபடியும் எழுதிக்கொண்டு வருகிறேன்" என்று தாளை மடித்து எடுத்துச் சென்றார். மறுவாரம் அவர் வந்தபோது, எழுதியதைக் காட்டுவதற்கு முன் நான் அவருக்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நேசம் இல்லாமல் வந்தவர்

இந்திய நூலக இயலின் தந்தை என்று போற்றப்படுகிறவர் நம் மண்ணில் பிறந்தவர். சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்கள், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அந்நாளில் அக்கல்லூரி தாம்பரத்திற்குச் சென்றிருக்கவில்லை. நகரின் நடுவே இருந்தது. எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் அவருடைய உள்ளத்தில் ஆழமாகப் பதிந்த ஆசிரியர். பயின்று முடித்து அவரும் கணித ஆசிரியரானார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் கற்பித்தபின் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். வகுப்பறையே அவருடைய உலகம்.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவியொன்றை ஏற்படுத்தியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவருமில்லை. விண்ணப்பித்தவர்களில் அரங்கநாதனும் ஒருவர். ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, தாம் விண்ணப்பித்திருந்ததையே அவர் மறந்துபோயிருந்தாராம். நூலகங்களைப்பற்றி அவர் அறிந்திருந்ததெல்லாம், நேர்காணலுக்குச் சில நாள்களுக்கு முன் கலைக்களஞ்சியம் ஒன்றில் வாசித்த கட்டுரை மட்டுமே. ஆயினும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சிறிது காலத்திற்குள் அவரால் அங்கே இருக்க இயலவில்லை. மாணவர் நிறைந்த வகுப்பில் பேசிப் பழகியவருக்கு, ஆளரவமற்ற நூலகத்தின் தனிமை தாங்கமுடியாததாயிற்று. மீண்டும் கற்பிக்கும் பணியையே தந்துவிடுங்கள் என்று அதிகாரிகளிடம் சென்று மன்றாடினார். அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். லண்டனுக்குச் சென்று நூலகப் பணியைக் கற்றுவாரும். திரும்பி வந்தபின்னும் பிடிக்கவில்லையென்றால் ஆசிரியப் பணி உமக்கே என்றார்கள்.

லண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பயின்றார். பாடத்தைவிட அவரை மாற்றியவை அவர் நேரில் சென்று பார்த்த நூலகங்கள். சிறுபிள்ளைகள் தங்களுக்கென்று அமைந்த அறையில் அமர்ந்து வாசித்தார்கள். தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து நூல் பெற்றுச் சென்றார்கள். தம் ஊரில் பூட்டிய அலமாரிகளும் வெறுமையான நாற்காலிகளுமாய்த் தாம் கண்ட இடம், இங்கே மனிதர்கள் கூடும் இடமாய் இருந்ததைக் கண்டார். வகுப்பறையில் எந்த முகங்களை நேசித்தாரோ அதே முகங்கள் நூலகத்திலும் உண்டு. அவர்களை வரவழைப்பதே தம் வேலை என்று உணர்ந்தார். 1925இல் திரும்பி வந்தவர் ஆசிரியப் பணியைக் கேட்கவில்லை.

அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்த நூலகமே அவர் வாழ்க்கையாயிற்று. விடுமுறை எடுக்காமல், சில நாள்களில் 13 மணி நேரம்வரை உழைத்தார் என்றும், தம் திருமண நாளன்றும் பிற்பகலில் பணிக்குத் திரும்பினார் என்றும் கூறுவர். இந்த இரண்டாவது செய்தியை நம் சபையின் மணமகன்கள் பின்பற்றவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பிற்காலத்தில், தாம் வாழ்நாளில் சேமித்த ஒரு லட்சம் ரூபாயை, நூலக இயல் பேராசிரியர் பதவியொன்றைத் தம் மனைவி சாரதா அம்மையாரின் பெயரும் இணைந்து விளங்கும்படி நிறுவுவதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்துவிட்டார்.

பிரியமானவர்களே, இந்த வரலாறு என்னை வெகுவாகச் சிந்திக்கவைத்தது. 900 விண்ணப்பங்களில் புத்தகங்களை உயிராய் நேசித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கக்கூடும். பதவியைப் பெற்றவரோ சிறிது காலத்திலேயே சலித்துப்போனவர். ஆனாலும் அவரிடத்தில் ஒன்று இருந்தது. கற்கவருகிறவனை அவர் நேசித்தார். புத்தகத்தின்மேல் நேசம் பின்னால் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. நம் சகோதரிக்கோ புத்தகத்தின்மேல் நேசம் முன்னரே இருந்தது. மற்ற பாதி வெளிப்படவேண்டியிருந்தது. எந்தப் பாதியோடு நாம் தொடங்குகிறோம் என்பது பெரிதன்று. ஒரு பாதியோடு நின்றுவிடுவதே ஆபத்து.

சங்கிலியும் மாட்டுவண்டியும்

1931இல் அரங்கநாதன் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றின் கருத்தை எளிய சொற்களில் கூறுகிறேன். நூல்கள் பயன்படுவதற்காகவே இருக்கின்றன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

முதல் விதியைக் கேட்டவுடன், இதைச் சொல்ல ஒரு மேதை வேண்டுமா என்று தோன்றும். ஆனால் நெடுங்காலம் நூல்கள் பயன்படுவதற்காக இருக்கவில்லை, காக்கப்படுவதற்காக இருந்தன. இடைக்கால ஐரோப்பாவின் ஆலயங்களிலும் மடங்களிலும் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய நூலகம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கையால் எழுதப்பட்ட நூல் விலைமதிப்பற்றது. களவுபோகாதிருக்க வேறு வழியில்லை. எனவே அவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அச்சு வந்தபின்னும், நூல் மலிந்தபின்னும், சங்கிலி நம் மனத்தைவிட்டுப் போகவில்லை என்பதே வருத்தத்திற்குரியது. கண்ணாடிக் கதவிட்ட அலமாரியும் ஒரு சங்கிலிதான். "தொடாதே, கிழித்துவிடுவாய்" என்று பிள்ளையிடம் சொல்லும் சொல்லும் ஒரு சங்கிலிதான். அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில், வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று நூலை எடுத்துப் பார்க்க வழி திறந்தார். அந்நாளில் அது துணிவான செயல்.

அவருடைய விதிகள் வெளிவந்த அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகன் நூலகத்திற்கு வர இயலாவிட்டால் நூலகம் அவனிடத்திற்குப் போகட்டும் என்பதே அதன் பொருள். உழவு முடிந்து திரும்புகிறவனின் தெருவில் புத்தக வண்டி வந்து நின்ற காட்சியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். தேடிவரும் அன்பு எத்தன்மையது என்று நாம் ஞாயிறுதோறும் கேட்கிறோமே, அதன் சாயல் அந்த வண்டியில் இருந்தது.

அரங்கநாதன் போன்றோரின் இடைவிடாத முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நாம் வீட்டு வரி செலுத்தும்போது அதோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆகவே உங்கள் ஊர் நூலகம் எவரோ இடும் தர்மமன்று. அது உங்கள் கைப்பணத்தில் நடக்கிறது. இன்று தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் போன்ற மாளிகைகள் அல்ல. ஒரே அறை, ஒரு மேசை, சில நாளிதழ்கள், ஒரே ஊழியர். அந்த ஒருவரே திறப்பவர், பெருக்குபவர், பதிவேடு எழுதுபவர், அடையாளம் கண்டு நூலை எடுத்துத் தருபவர்.

அப்படிப்பட்ட ஒருவருக்கு நானும் கடன்பட்டவன். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்த நாள்களில் எங்கள் ஊர்க் கிளை நூலகர் அதிகம் பேசமாட்டார். நான் உள்ளே நுழையும்போது மேசை அறையை இழுத்து, எனக்கென்று எடுத்துவைத்த நூலை வெளியே வைப்பார். "இதைப் பார்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டார். நான் போன வாரம் எதை வாசித்தேன், அதிலிருந்து எங்கே செல்லக்கூடும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது. என்னை ஒருவர் நினைத்துவைத்திருந்தார். அந்த நினைவே எனக்கு அவர் தந்த முதல் நூல்.

அக்மேதாவின் சுருள்

எஸ்றாவின் புத்தகம் ஆறாம் அதிகாரத்திற்கு வாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் தேவாலயத்தைக் கட்டுகிறார்கள். உங்களுக்கு யார் கட்டளையிட்டது என்று தேசாதிபதி கேட்கிறான். கோரேஸ் ராஜா கட்டளையிட்டார் என்கிறார்கள். கோரேஸ் இறந்து பல ஆண்டுகள் ஆயின. சான்று எங்கே? தரியு ராஜா சுவடிகள் வைக்கப்பட்ட இடங்களில் தேடச் சொல்கிறார். பாபிலோனில் தேடும்படி புறப்பட்ட கட்டளை, மேதியா நாட்டு அக்மேதாவின் அரண்மனையில் ஒரு சுருளைக் கண்டடைவதில் முடிகிறது. ஆலயத்தின் அளவு, செலவு கொடுக்கவேண்டிய இடம், திருப்பிக் கொடுக்கவேண்டிய பணிமுட்டுகள் அனைத்தும் அதில் எழுதப்பட்டிருந்தன. கட்டட வேலை தொடர்ந்தது.

ஆலயம் கட்டப்பட்டதற்கு ஆகாய் தீர்க்கதரிசியை நினைக்கிறோம், சகரியாவை நினைக்கிறோம், செருபாபேலை நினைக்கிறோம். அந்தச் சுருளை, எவரும் கேட்காத ஆண்டுகளிலும் சிதையவிடாமல், கண்டெடுக்கக்கூடிய இடத்தில் வைத்த ஊழியரை யார் நினைக்கிறோம்? அவர் நம் ஜனத்தைச் சேர்ந்தவரல்லர். நம் தேவனை அறிந்தவராகவும் இருந்திருக்கமாட்டார். தம் வேலையை ஒழுங்காகச் செய்தார். அவ்வளவே. அவர் கை தவறியிருந்தால் எருசலேமில் கல்லின்மேல் கல் ஏறியிராது. ஒழுங்கும் ஓர் ஊழியம்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கே கற்போம்?

இரண்டாம் விண்ணப்பம்

நம் சகோதரி மறுபடியும் எழுதிவந்த விண்ணப்பம் முன்னதைவிடச் சிறியது. அச்சு மையின் மணம் அதில் இல்லை. தம் தாயாருக்கு எழுத்துத் தெரியாது என்று தொடங்கியிருந்தார். பள்ளி விடுமுறை நாள்களில் தாயாரோடு உப்பளத்திற்குச் சென்றபோது, ஓய்வு நேரத்தில் கீற்றுக் கொட்டகையின் நிழலில் பெண்களுக்குக் கதை வாசித்துக் காட்டியதை எழுதியிருந்தார். முதலில் நான்கு பேர் கேட்டார்களாம். பின்பு, "நேற்று விட்ட இடத்திலிருந்து வாசி" என்று கேட்கத் தொடங்கினார்களாம். ஒரு பாட்டி தம் பேத்தியை மறுவாரம் அழைத்துவந்து, "இவளுக்கும் இப்படி வாசிக்கக் கற்றுக்கொடு" என்றாராம். அந்தப் பேத்தியைப் போன்ற பிள்ளைகள் இந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் புத்தகம் இல்லை. அவர்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொடுக்க எனக்குத் தெரியும் என்று முடித்திருந்தார்.

நான் நற்சான்றுக் கடிதத்தை எழுதினேன். அவருடைய விண்ணப்பத்திற்குமேல் நான் சேர்க்கவேண்டியது அதிகம் இருக்கவில்லை.

நேர்காணலில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, ஒரு பிள்ளை புத்தகத்தைக் கிழித்துக் கொண்டுவந்தால் என்ன செய்வாய் என்பது. அபராதம் விதிப்பேன் என்று சொல்வதே எளிது. அவர், "அந்தப் பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்து ஒட்டுவேன், ஒட்டி முடித்தபின் அடுத்த புத்தகத்தைக் கொடுப்பேன்" என்றாராம். கேட்டவர்கள் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார்கள் என்று கூறினார்.

உங்களில் பலர் இப்போது, வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. தொழிற்சாலை வேலைக்கு உறவினர் கொடுத்த காலக்கெடுவும் நெருங்குகிறது. கர்த்தர் நிச்சயமாய்க் கொடுப்பார் என்று எளிதாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரே இடத்திற்குப் பலர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களிலும் ஜெபிக்கிறவர்கள் இருப்பார்கள். ஆனால் தாயார் சொன்ன ஒன்றை மட்டும் உங்களுக்குத் தருகிறேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவரிடம், "உங்கள் விருப்பம் என்ன அம்மா?" என்று கேட்டேன். "உப்பை வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடி வைக்கிறோம் ஐயா. குவியல் குவியலாய் இருந்து என்ன? யார் வீட்டுக் குழம்பிலாவது கரைந்தால்தானே அது உப்பு? இவள் படித்ததும் அப்படித்தான்" என்றார். அந்த அம்மையார் மலைப்பிரசங்கத்தை வாசித்தவரல்லர், கேட்டவர். கேட்டதைத் தம் பாத்தியில் நின்று விளங்கிக்கொண்டவர்.

உங்களுக்கும் எனக்கும்

நம் தமிழில் ஓர் அழகு உண்டு. வேலைக்கு எழுதி அனுப்புவதும் விண்ணப்பம். முழங்காற்படியிட்டு ஏறெடுப்பதும் விண்ணப்பம். இரண்டிலும் நாம் நம் விருப்பத்தைச் சொல்லியே தொடங்குகிறோம். எனக்கு இது பிடிக்கும், எனக்கு இது வேண்டும் என்கிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டும் முதிர்ச்சியடைவது, இது எனக்குக் கிடைத்தால் யாருக்குப் பயன்படும் என்ற இடத்திற்கு நாம் வந்துசேரும்போதுதான்.

இவ்வாண்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் வாலிபரே, நீங்கள் நேசிக்கும் தொழில் எதுவானாலும், அந்த நேசத்தின் மறுமுனையில் நிற்கும் மனிதர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இசையை நேசிக்கிறவர் கேட்கிறவரையும், எந்திரத்தை நேசிக்கிறவர் அதன்முன் நின்று வேலை செய்கிறவரையும் எழுதட்டும். அந்த முகம் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் விண்ணப்பம் தானே நேராகும். தெரியாவிட்டால் அதைத் தேடுவதே உங்கள் முதல் வேலை.

பெற்றோரே, பிள்ளையின் விருப்பத்தைச் சம்பளத்தோடு வைத்து எடைபோடவேண்டிய நிலை நம்மில் பலருக்கு உண்டு. அதை மறைக்கவேண்டியதில்லை. பிள்ளையோடு அமர்ந்து கணக்கை வெளிப்படையாகப் பேசுங்கள். முடிவு எதுவானாலும், உன் விருப்பம் அற்பமானது என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். சகோதரி அந்தத் தொழிற்சாலைக்கே செல்ல நேர்ந்தாலும், அங்கேயும் நண்பகல் உணவு வேளையில் நான்கு பேர் அவர் வாசிப்பதைக் கேட்கக்கூடும். வேலை ஒருவரால் தரப்படுவது, ஊழியம் அப்படிப்பட்டதன்று.

முடிவாக ஒரு செய்தி. நம் ஆலயத்தின் பக்க அறையில் முன்னோர் சேர்த்துவைத்த புத்தக அலமாரி உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். சபைக் குழுவின் சம்மதத்தோடு அதன் பூட்டை எடுத்துவிட்டோம். பதில் வரும்வரை காத்திருக்கும் நாள்களில் நம் சகோதரி அந்த நூல்களைத் தூசி தட்டிப் பட்டியலிட்டு வருகிறார். அடுத்த ஞாயிறு முதல் ஆராதனைக்குப்பின் ஒரு மணி நேரம் அந்த அறை திறந்திருக்கும். எவரும் எடுத்துச் செல்லலாம். நம் சபையைச் சேராதவர்களும் வரலாம். உங்கள் வீட்டில் வாசித்து முடித்த நல்ல நூல் இருந்தால் கொண்டுவாருங்கள். குறிப்பாகச் சிறுவர் நூல்கள் வேண்டும். வாசிக்கத் தெரியாத முதியோரும் வாருங்கள். வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறார். கிழிந்த புத்தகத்தைக் கொண்டுவரவும் கூச்சப்படவேண்டாம். பசையும் தாளும் மேசையில் இருக்கும்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் கைகளில் நீர் தந்தவற்றைக் குவியலாய் மூடிவைத்துப் பெருமைகொள்ளாதபடி எங்களைக் காத்தருளும். எவரும் கேளாத நாள்களிலும் சுருளைப் பத்திரமாய் வைத்திருக்கும் உண்மையைத் தாரும். கேட்கிறவர் வரும்போது மகிழ்ச்சியோடு எடுத்துக்கொடுக்கும் கைகளைத் தாரும். விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவரையும், உப்பளத்தின் வெயிலில் நின்று அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாரையும் நினைத்தருளும். ஆமென்.